விடுப்பே இல்லாதோருக்கு நலவாழ்வு உபதேசமா?

கொள்ளேகாலிலிருந்து மலை மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ளது கௌதள்ளி. 1956 வரை கோவை மாவட்டத்திலும் பின்னர் மைசூர் மாவட்டத்திலும் இருந்த இப்பகுதி, 1997இல் சாமராஜநகர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. மாநிலமும் மாவட்டமும் மாறின. மேல்நிலைத் தொட்டியை நிரப்பித் தண்ணீர் திறந்துவிடுபவரும் தெருவைக் கூட்டுபவரும் இல்லாமல் எந்த ஊரும் ஒரு நாள்கூட இயங்காது என்பது மட்டும் மாறவில்லை.

உள்ளாட்சி ஊழியர்கள் நோயைக் காரணம் காட்டி வேலைக்கு வராமல் இருப்பதைக் குறைக்க வேண்டும் என்பது நிர்வாகவியலாளர்களின் கவலை. அவர்கள் எழுதித் தரும் மருந்து: மருத்துவ முகாம், யோகா வகுப்பு, மன அழுத்தத்திற்கு ஆலோசனை. இவை தம்மளவில் தீயவை அல்ல. உரிமை இருக்க வேண்டிய இடத்தில் இவற்றை வைப்பதே மோசடி. ஊதியத்துடன் நோய் விடுப்பு இல்லாத தொழிலாளி காய்ச்சலோடும் துடைப்பத்தை எடுக்கிறார்; வராத நாளுக்குக் கூலி இல்லை. அவர் வருகைப் பதிவேட்டில் ஒரு நாளும் விடுபட்டிருக்காது. நிர்வாகம் அதை நலம் என்று கணக்கெழுதும். அது நலமல்ல, நிர்ப்பந்தம்.

இதே சாமராஜநகர் மாவட்டத்தில் 2025 அக்டோபரில், ஒரு கிராம பஞ்சாயத்தின் தண்ணீர்ப் பணியாளர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 27 மாத ஊதியம் தரப்படவில்லை என்றும், உடல்நலக் குறைவால் விலகல் கடிதம் கொடுத்தும் பதிலில்லை என்றும் அவர் எழுதி வைத்திருந்ததாக நாளேடுகள் வெளியிட்டன. அதன் பிறகே பஞ்சாயத்து அதிகாரி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். இந்த மனிதருக்கு மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்திருந்தால் போதுமா?

பெருநகரத்திலும் இதே கதைதான். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து, சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் போராடிய தொழிலாளர்கள், 2025 ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறையால் அப்புறப்படுத்தப்பட்டனர். மறுநாளே தமிழக அமைச்சரவை, தூய்மைப் பணியாளர்களுக்குத் தொழில்சார் நோய்ச் சிகிச்சைத் திட்டத்தையும் இலவசக் காலை உணவையும் அறிவித்தது. சோறும் சிகிச்சையும் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. வேலையைப் பறித்துக்கொண்டு உணவு பரிமாறுவதற்குப் பெயர் நலவாழ்வா?

மேலை நாடுகளைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். பிரிட்டனின் உள்ளாட்சி ஊழியர்களுக்குத் தொழிற்சங்கங்கள் பேரம் பேசிப் பெற்ற தேசிய ஒப்பந்தம் உண்டு. ஐந்தாண்டுப் பணி முடித்தவர் நோயுற்றால், ஆறு மாதம் முழு ஊதியமும் அடுத்த ஆறு மாதம் அரை ஊதியமும் பெறலாம். அந்த அடித்தளத்தின் மேல்தான் அங்கே நலவாழ்வுத் திட்டங்கள் நிற்கின்றன. அடித்தளத்தை விட்டுவிட்டு மேல்மாடியை மட்டும் இறக்குமதி செய்வது நம் ஆட்சியாளர்களின் கெட்டிக்காரத்தனம். நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. ஈ.எஸ்.ஐ. திட்டம், காப்பீடு பெற்ற தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாட்கள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்கால உதவியாக வழங்குகிறது. கிராம பஞ்சாயத்தின் கடைசி ஊழியர் வரை அந்தப் பாதுகாப்பு சென்றடைய வேண்டும்.

கேட்டால் கிடைக்குமா என்ற ஐயத்துக்குக் கர்நாடகமே விடை. 2022 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் பௌரகார்மிகர்கள் நான்கு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரங்களில் குப்பை மலையாகக் குவிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் 11,133 பேரைப் பணி நிரந்தரம் செய்ய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எந்த ஆலோசனை முகாமும் பெற்றுத் தராததை ஒன்றுபட்ட போராட்டம் பெற்றுத் தந்தது. எஞ்சியோருக்கான போராட்டம் இன்னும் முடியவில்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை: மாதந்தோறும் தவறாத ஊதியம், பணி நிரந்தரம், ஊதியத்துடன் நோய் விடுப்பு, வேலைப் பளுவுக்கு ஏற்ற ஆட்கள். கௌதள்ளி போன்ற எல்லையோர ஊர்களில் தமிழிலும் கன்னடத்திலும் இவற்றை எடுத்துச் செல்வது கட்சிக் கிளைகளின் உடனடிக் கடமை. நோயுற்ற தொழிலாளி அச்சமின்றி ஒரு நாள் வீட்டில் படுத்திருக்க முடிகிற அன்றுதான், உள்ளாட்சியில் நலவாழ்வு தொடங்கும்.