வாயில் இல்லாத நிலையம்



கிழக்கு லண்டனில் பெக்டன் பார்க் என்றொரு சிறிய ரயில் நிலையம் உண்டு. டாக்லாண்ட்ஸ் இலகு ரயில் தடத்தில், ராயல் ஆல்பர்ட் நிலையத்திற்கும் சைப்ரஸ் நிலையத்திற்கும் நடுவே, ஒரு ரவுண்டானாவின் மையத்தில் அது அமைந்திருக்கிறது. சாலை மேலே சுற்றிச் செல்ல, அதன் அடியில் நடந்து நாம் நடைமேடையை அடைகிறோம். கண்காட்சி அரங்கிற்குச் செல்வோர் கஸ்டம் ஹவுஸிலேயே இறங்கிவிடுவர். பல்கலைக்கழக மாணவர்கள் சைப்ரஸ் வரை செல்வர். இங்கே இறங்குவோர் சிலரே. அருகிலுள்ள விமான நிலையத்திலிருந்து விமானம் எழும்பும்போது மட்டும் அந்த அமைதி கலையும்.

1880இல் திறக்கப்பட்ட ராயல் ஆல்பர்ட் கப்பல்துறை 1981இல் சரக்குக் கப்பல்களுக்கு மூடப்பட்டது. கப்பல்களை இழந்த லண்டனின் பழைய துறைமுகப் பகுதிகளுக்குப் புதுவாழ்வு அளிக்கும் முயற்சியில் ஒன்றாக, 1987இல் 15 நிலையங்களோடு இந்த இலகு ரயில் தொடங்கிற்று. பெக்டன் கிளை 1994இல் திறக்கப்பட்டது.

இந்த ரயிலில் ஓட்டுநர் அறை இல்லை. கணினியே அதை இயக்குகிறது. கதவுகளைக் கவனிக்கவும் பயணிகளுக்கு உதவவும் ஒரு பணியாளர் மட்டும் உடன் வருவார். நிலையத்தில் தடுப்பு வாயிலும் இல்லை. அட்டையை வைத்து எடுப்பதற்கான கருவி ஒன்று நிற்கிறது. ஏறுமுன் ஒருமுறையும், இறங்கியபின் ஒருமுறையும் அட்டையை அதில் வைக்க வேண்டும். வைக்காமல் கடந்து போனால் அந்தக் கணத்தில் தடுப்பார் எவருமில்லை.

மழை பெய்த ஒரு மாலையில், நோயுற்ற ஒருவரைச் சந்தித்துவிட்டு இந்த நிலையத்திற்கு வந்தேன். ரயில் நின்றுகொண்டிருந்தது. அட்டையை வைக்காமலே ஓடி ஏறிவிட்டேன். அதுவரை அது மறதி. நான் இறங்கிய நிலையத்திலும் வாயில் இல்லை. அங்கே அட்டையை வைத்தால், தொடக்கம் பதிவாகாத பயணத்திற்குரிய அதிகபட்சக் கட்டணம் கழியும் என்று அறிவேன். வைக்காமல் போனால் ஒன்றும் கழியாது. கருவியின் முன் ஒரு கணம் நின்றேன்; பின்பு நடந்துவிட்டேன். அது மறதி அல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பிரசங்கித்த பொருள், சிறியவற்றில் உண்மை! அன்று சபையாருக்கு இதைச் சொல்லும் துணிவு எனக்கு இருக்கவில்லை. இன்று உங்களுக்குச் சொல்லுகிறேன்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே எல்லா நிலையங்களிலும் வாயில் வைக்க வேண்டும் என்று சிலர் கூறுவர். அவர்களுடைய நியாயம் எனக்கு விளங்குகிறது. ஒருவர் செலுத்தாத கட்டணத்தின் சுமை மற்றவர்மேல் விழுகிறது. ஆயினும் நான் அதற்கு உடன்படவில்லை. வாயில் வைத்தால் அதைக் காக்க ஆள் வேண்டும். சிலரே பயன்படுத்தும் நிலையம் அந்தச் செலவைத் தாங்குமா? சக்கர நாற்காலியில் வருபவரும், கைவண்டியில் குழந்தையைத் தள்ளிவரும் தாயும் இன்று எந்தத் தடையுமின்றி நடைமேடைக்கு வருகிறார்கள். நம்முடைய பொய்யின் விலையை அவர்கள் ஏன் செலுத்த வேண்டும்?

இதைவிடப் பெரிய இழப்பும் ஒன்று உண்டு. வாயில் நம்மை நேர்மையாக நடக்கச் செய்யும், நேர்மையுள்ளவர்களாக ஆக்காது. பெரிய நிலையத்தில் கட்டணம் செலுத்துவது நம் குணத்தைக் குறித்து எதையும் சொல்லுவதில்லை. அங்கே வேறு வழியில்லை. யாருமற்ற இந்தச் சிறிய நிலையமோ, முன்பின் அறியாத நம்மை முதலிலேயே நம்பிவிடுகிறது. பெருநகரத்தில் நம்மை இப்படி நம்பும் இடங்கள் எத்தனை மீதியிருக்கின்றன?

பிரியமானவர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஓர் இடம் இருக்கக்கூடும். ஆளில்லாத கடைப்பெட்டியாகவோ, ஒருவரும் சரிபார்க்காத கணக்கேடாகவோ அது இருக்கலாம். அதை அற்பமாக எண்ணாதிருங்கள். நம்பிக்கை முறிந்த இடத்தில்தான் வாயில் எழும்புகிறது. அதை எழுப்பும் முதல் கல்லை நாம் வைக்காதிருப்போமாக.

இப்போதெல்லாம் ரயில் நின்றுகொண்டிருந்தாலும் நான் முதலில் அந்தக் கருவியிடமே போகிறேன். சில வேளைகளில் ரயில் போய்விடுகிறது. அடுத்தது வரும்வரை அந்த அமைதியில் காத்திருக்கிறேன்.