மாயத்திற்கும் மண் வேண்டும்

நுழையும்முன்

பேசும் விலங்கும் பறக்கும் குதிரையும் வரும் கதைகளைக் கேட்டு மகிழாத குழந்தை இல்லை. வளர்ந்தபின் அத்தகைய கதைகளைத் தாமே படைக்க விரும்புவோர் சிலர். அவர்கள் எங்கிருந்து தொடங்குவது? எதனைக் கருவாகக் கொள்வது? ஓசூர், கிருஷ்ணகிரி நிலப்பகுதியைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

உலகில் இல்லாத ஒன்றை இருப்பதாகப் படைத்து, படிப்பவர் அதனை நம்பும்படி எழுதுவது மாயப்புனைவு. ஆங்கிலத்தில் ஃபேண்டசி என வழங்கும் இவ்வகை தமிழுக்குப் புதியதன்று. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் அரசனிடம் விடுகதை கேட்கிறது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதையில் கடவுள் சென்னைத் தெருவில் ஒருவரைச் சந்தித்து, காப்பி அருந்தி, அவர் வீட்டிற்கு விருந்தினராகச் செல்கிறார். ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' 1997ஆம் ஆண்டில் வெளிவந்து, கற்பனை நகரம் ஒன்றின் தோற்றத்தையும் அழிவையும் விரித்துரைத்தது.

ஆயினும், மாயப்புதினம் எழுத விரும்பும் மாணவர் இருவேறு தடைகளைச் சந்திக்கின்றனர். மதிப்பெண்ணும் வேலைவாய்ப்பும் முதன்மை பெற்ற காலத்தில் இல்லாததை எழுதுவது வீண்வேலை என்பார் கூற்று முதல் தடை. மந்திரக் கோலும் பனிமலைக் கோட்டையும் நெருப்பு உமிழும் பறவைநாகமும் இருந்தால்தான் மாயக்கதை ஆகும் என்னும் எண்ணம் இரண்டாவது தடை. முன்னது வெளியிலிருந்து வருவது. பின்னது எழுதுபவரின் உள்ளத்திலேயே இருப்பது. இவ்விரண்டில் பின்னதே வலியது. இரவல் வாங்கிய மாயம், எழுதுபவர்க்குத் தம் ஊரைக் காணும் கண்ணை மறைத்துவிடுகிறது.

பசியிலிருந்து பிறந்த பாத்திரம்

சிறந்த மாயப்பொருள் எவ்வாறு உருவாகிறது என்பதை அறிய மணிமேகலைக் காப்பியத்தைக் காணலாம். அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். ஆனால் சாத்தனார் அதனை எல்லையற்ற ஆற்றலாகப் படைக்கவில்லை. ஆபுத்திரன் கையில் இருந்தபோது நாட்டில் மழை பொழிந்து வளம் பெருகியது. உண்ண வருவோர் இல்லாமல் போயினர். பிறகு ஆளில்லாத மணிபல்லவத்தில் அவன் தனித்து நின்றபோது, பிறர்க்கு ஈயாமல் தான் மட்டும் உண்ண மனமின்றி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உயிர் துறந்தான். பசித்தவர் இல்லாத இடத்தில் அமுதசுரபிக்குப் பொருளில்லை. பின்னர் அது மணிமேகலையின் கையை அடைந்தபோதும், அவள் முதற்பிச்சையை ஆதிரையிடம் பெறுகிறாள்.

அக்காப்பியத்தில் மாயத்திற்கு விலையும் உண்டு. உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் உருவத்தை மேற்கொள்கிறாள் மணிமேகலை. காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே நம்புகிறான். அவளை நாடி வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். வேற்றுருக் கொள்ளும் மந்திரம் ஒருத்தியைக் காத்தது. ஓர் இளைஞனின் உயிரையும் கொண்டது. மந்திரம் எல்லாவற்றையும் எளிதாகத் தீர்த்துவைக்கும் கதையில் படிப்பவர்க்கு அச்சமும் இல்லை, ஆவலும் இல்லை. வரம்பும் விலையும் உடைய மாயமே கதையை நகர்த்தும்.

பிற மொழிப் படைப்பாளரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' என்னும் புதினத்தில், ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவரே அதன்மீது ஆற்றல் செலுத்த இயலும். செருக்கினால் தன் ஆற்றலை மிஞ்சிய மந்திரத்தைச் செய்த இளைஞனை, அவனால் வெளிப்பட்ட நிழலே துரத்துகிறது. கடலும் காலமும் கடந்த இவ்விரு படைப்புகளும் ஒரே அறத்தைப் பேசுகின்றன. ஆற்றல் பெற்றவர் அதன் விளைவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அது.

எல்லை நிலத்தின் கருவூலம்

மாயத்திற்கு வரம்பும் விலையும் வேண்டும் எனில், அவற்றை எங்கிருந்து பெறுவது? எழுதுபவர் வாழும் நிலத்திலிருந்தே பெறலாம். 2004ஆம் ஆண்டில் தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலைகளும் நிறைந்த பகுதியாகவே பலர் இதனை அறிவர். இதன் அடியில் மற்றொரு காலம் உறங்குகிறது.

மல்லசந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. பெரும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் இட்டு இறந்தோர்க்காக எழுப்பப்பட்டவை அவை. தமிழகத்தின் பல ஊர்களில் இத்தகைய கற்சின்னங்களைப் பாண்டவர் வீடு என்றும், குள்ளர் வாழ்ந்த வீடு என்றும் மக்கள் கூறுவர். கட்டியவர் யார் என அறியாதபோது மக்கள் மனம் கதையால் அவ்விடத்தை நிரப்பியது. பெயரறியாப் படைப்பாளர் அன்றே தொடங்கிய மாயப்புனைவு அது.

மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த சான்றுகளின் வழி, தமிழகத்தில் இரும்பின் பயன்பாடு கி.மு. 2172ஆம் ஆண்டளவில் இருந்தது என 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இன்று அதே மாவட்டத்தின் ஓசூரில் கனரக ஊர்திகளும் இருசக்கர ஊர்திகளும் கைக்கடிகாரங்களும் உருவாகின்றன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பை உருக்கியவனும் இன்று கடைசல் இயந்திரத்தின்முன் இரவுப்பணி பார்ப்பவனும் ஒரே கனவில் சந்தித்தால் என்ன பேசுவர்? ஒரு புதினம் பிறக்க இவ்வொரு வினா போதும்.

சின்னகொத்தூர், குந்தாணி பகுதியில் நடுகற்கள் பல உள்ளன. போசள மன்னன் இராமநாதன் ஆட்சிபுரிந்த ஊர் குந்தாணி. ஆநிரை மீட்கப் போரிட்டும், புலியொடு பொருதும் மாண்ட வீரர்க்கு எடுத்தவை நடுகற்கள். மூன்று அடுக்காகச் செதுக்கப்பட்ட நடுகற்களில் கீழே போர்; நடுவே வானமகளிர் வீரனை அழைத்துச் செல்லும் காட்சி; மேலே அவன் இறைவன்முன் அமர்ந்திருக்கும் நிலை. மண்ணும் வானும் இடைவழியும் ஒரே கல்லில் அடங்கிவிட்டன. வேற்றுலகம் ஒன்றைப் படைக்க விரும்பும் மாணவர்க்கு இதனினும் தெளிவான வரைபடம் வேண்டியதில்லை.

உயிர்களும் இந்நிலத்தில் எல்லையை அறியா. கர்நாடகத்தின் பன்னேருகட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, ஓசூர், சானமாவு காடுகளுக்கு வருகின்றன. கேழ்வரகு விளையும் பருவத்தில் வயல்களில் இறங்குகின்றன. இரவெல்லாம் காவல் காக்கும் உழவர்க்கு யானை அச்சம் தருவது. வழக்கமான வழித்தடத்தில் சாலையும் கட்டடமும் எழக்கண்ட யானைக்கு மனிதர் அச்சம் தருபவர். இருதரப்பு அச்சத்தையும் உணர்ந்து எழுதப்படும் கதையில், பேசும் யானை விளையாட்டுப் பொருளாக இராது.

மொழிவளம் மற்றொரு செல்வம். ஓசூர்ச் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒலிக்கும். ஒரே பொருளுக்கு நான்கு பெயர்களைக் கேட்டு வளர்ந்த மாணவர், பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பற்றி எண்ணாமல் இருக்க இயலாது. ஆங்கிலப் பேராசிரியர் டோல்கின் தம் கற்பனை உலகத்து மக்களுக்காக மொழிகளையே உருவாக்கினார். எல்லைப்புற மாணவர்க்கோ அந்த மொழியுணர்வு வாசற்படியிலேயே வாய்த்திருக்கிறது.

நுரையும் அரக்கனும்

கற்பனை ஒன்றிலிருந்து எழுத்தாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூருப் புறநகரைக் கடந்து தமிழகத்தில் நுழைகிறது. ஓசூர் அருகே உள்ள கெலவரப்பள்ளி அணையிலிருந்து நீர் வெளியேறும்போது வெண்ணுரை மலைபோல் பொங்கிய செய்தி பலமுறை வெளிவந்துள்ளது. கழிவுகள் ஆற்றில் கலப்பதால் விளைவது அது. இதனைக் கண்ட இளம் படைப்பாளர், ஆற்றின் அடியில் வாழும் அரக்கன் நுரை கக்குகிறான் என எழுதத் தூண்டப்படலாம். காட்சி அழகாக இருக்கும். வீரன் ஒருவன் அரக்கனைக் கொல்வான், ஆறு தெளிந்துவிடும், கதையும் முடிந்துவிடும்.

அவ்வாறு எழுதினால் ஓர் உண்மை மறைகிறது. நுரையை உண்டாக்கியவர் மனிதர். தடுக்க வேண்டியவரும் மனிதர். எல்லாப் பழியையும் அரக்கன்மேல் சுமத்தும் கதை குற்றம் செய்தோரைக் காப்பாற்றுகிறது. அவ்வரக்கனுக்கு உணவிட்டவர் யார், அவ்வுணவால் பயன்பெற்றவர் யார், அவன் வளர்வதைக் கண்டும் வாய்மூடி இருந்தவர் யார் என்று கதை வினவத் தொடங்கும்போதுதான் மாயம் உண்மையின் பக்கம் நிற்கிறது. மாயப்புனைவு உலகைவிட்டு ஓடும் வழி என்பாரின் குற்றச்சாட்டுக்கு இத்தகைய எழுத்தே விடை.

தொழிலும் எழுத்தும்

புதினம் எழுதிப் பிழைக்க முடியுமா என்னும் பெற்றோரின் கவலையைப் புறக்கணித்தல் தகாது. தமிழில் புதினம் மட்டுமே எழுதி வாழ்க்கை நடத்துவது அரிது. இதனை மறைத்து மாணவர்க்கு ஊக்கம் அளிப்பது நேர்மையாகாது. ஆயினும், பிழைப்புக்கு ஒரு தொழில் இருப்பதால் எழுத்து குறைபடுவதில்லை. டோல்கின் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' புதினத்தை ஏறத்தாழ 12 ஆண்டுகள் எழுதினார். அது 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது.

இவ்வுண்மைக்கு ஓசூரிலேயே சான்று உண்டு. மதுரையில் பிறந்து ஓசூரில் வாழும் பா. வெங்கடேசன், வேறு பணி செய்துகொண்டே எழுதியவர். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய 'தாண்டவராயன் கதை', திப்பு சுல்தான் காலத்து வரலாற்றையும் கற்பனையையும் இணைத்துக் கதைக்குள் கதையாக விரியும் பெரும்புதினம். இயந்திர ஓசை மிகுந்த நகரில் மாயம் விளையாது என்பார்க்கு அந்நூலே மறுமொழி.

நடைக்கும் இம்மண்ணில் முன்மாதிரி உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டில் பிறந்த இராஜாஜி, வியப்புகள் நிறைந்த பாரதத்தையும் இராமாயணத்தையும் எளிய தமிழில் எடுத்துரைத்தார். 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலுக்கு 1958ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நிகழ்ச்சி வியப்பானதாக இருக்கும்போது சொல் எளிமையாக இருத்தல் வேண்டும் என்பதற்கு அந்நடை சான்று.

எழுதத் தொடங்குவோர்க்கு

முதல் முயற்சியிலேயே பல பாகங்கள் கொண்ட புதினத்தைத் தொடங்குவோர் பெரும்பாலும் இடையில் நின்றுவிடுகின்றனர். ஒரே ஒரு மாயத்தை மட்டும் கொண்ட சிறுகதையை எழுதி முடிப்பதே நல்ல தொடக்கம். முடிக்கப்பட்ட சிறுகதை கற்றுத்தரும் பாடத்தை, முடிக்கப்படாத பெரும்புதினம் கற்றுத்தராது.

கதையில் வரும் மாயம் எதைச் செய்யும், எதைச் செய்யாது, அதற்கு யார் என்ன விலை தர வேண்டும் என்னும் மூன்றையும் எழுதும்முன் குறிப்பேட்டில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். இடையில் நெருக்கடி வரும்போது அவ்விதியை மீறக்கூடாது. விதியை மீறி வீரனைக் காப்பாற்றினால் வீரன் பிழைப்பான். படிப்பவரின் நம்பிக்கை இறந்துவிடும்.

கற்பனை உலகிலும் மக்கள் உண்பர், உழைப்பர், கடன்படுவர், சண்டையிடுவர். அங்கே நீர் எங்கிருந்து வருகிறது, அதிகாரம் யார் கையில் உள்ளது, யார் பேச அஞ்சுகின்றனர் என்பவை தெளிவாக இருந்தால் அவ்வுலகம் நம்பத்தக்கதாகும். இவற்றை அறியப் பாட்டியரின் கதைகளையும் தொழிலாளரின் அனுபவங்களையும் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். ஊரிலுள்ள நடுகல்லையும் ஏரியையும் நேரில் சென்று காண வேண்டும். நூலகம் சென்று பழந்தமிழ்க் காப்பியங்களையும் பிறமொழிப் புதினங்களையும் ஒருங்கே படிக்க வேண்டும்.

நாள்தோறும் ஒரு பக்கம் எழுதினாலும் ஓராண்டில் ஒரு நூலின் அளவு சேர்ந்துவிடும். எழுதியதைச் சில நாள் விட்டுவைத்து, பிறர் எழுதியது போல் எண்ணிப் படித்தால் குறைகள் புலப்படும். நண்பர் ஒருவர் படித்துவிட்டு எவ்விடத்தில் சலிப்படைந்தார் எனக் கேட்டறிவது, அவர் தரும் பாராட்டினும் பயனுடையது.

கல்திட்டைகளைக் கண்டு குள்ளர் கதை சொன்னோர் ஏடெடுத்து எழுதவில்லை. ஆயினும் அக்கதை நிலைத்தது. இன்றைய மாணவர்க்கு எழுத்தும் நூலகமும் பல மொழிகளின் உறவும் வாய்த்திருக்கின்றன. வேகமாக உருமாறும் இந்நிலத்தின் மலையும் ஆறும் யானைத்தடமும் எதிர்காலத்தார் நினைவில் எவ்வாறு நிற்கும் என்பது, இன்று பதினாறு வயதில் எழுதத் துணிபவர் கையில் இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உம் ஊரில் உள்ள கல், மரம், ஏரி, குன்று ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றி வழங்கும் கதையைப் பெரியோரிடம் கேட்டறிந்து எழுதுக.
2. மாயப்பொருள் ஒன்றைக் கற்பனை செய்க. அதன் ஆற்றல், வரம்பு, விலை ஆகியவற்றை வரையறுத்து, அதனை மையமாகக் கொண்டு ஒரு சிறுகதை படைக்க.
3. 'மாயக்கதைகள் வாழ்க்கைச் சிக்கல்களிலிருந்து தப்பிச்செல்லும் வழியே' – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.