எண்ணெயின் நிழலில் திற்பரப்பு: மாற்று வருவாய் யாருக்கு?

பெட்ரோலியத்தை மட்டுமே நம்பியிருக்கலாகாது என்ற முடிவோடு சவூதி அரேபியா 2016 ஏப்ரலில் ‘தொலைநோக்கு 2030’ திட்டத்தை அறிவித்தது. 2014இன் நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 சனவரியில் 30 டாலருக்கும் கீழே இறங்கியிருந்தது. சுற்றுலா, சுரங்கம், தொழிற்சாலை எனப் பல துறைகளை வளர்ப்பது நியாயமான இலக்கே. ஆனால் அதன் சுமையில் ஒரு பங்கு புலம்பெயர்ந்த தொழிலாளர் மீது இறங்கியது. அயல்நாட்டுத் தொழிலாளர் ஒருவருக்கு நிறுவனம் செலுத்தும் மாதக் கட்டணம் 2018இல் 400 ரியால் வரை இருந்தது. 2020இல் 800 ரியால் வரை உயர்ந்தது. 2018 செப்டம்பர் முதல் சில்லறை வணிகத்தின் 12 பிரிவுகளில் பெரும்பான்மை வேலைகள் சவூதியருக்கு ஒதுக்கப்பட்டன.

இதற்கும் கோதையாற்றங்கரைத் திற்பரப்புக்கும் என்ன தொடர்பு? ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் ரப்பரும் வளைகுடா ஊதியமும் வருவாயின் இரு முக்கிய வழிகள். வெவ்வேறாகத் தோன்றினும் இரண்டும் எண்ணெயோடு பிணைந்தவை. செயற்கை ரப்பர் பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படுகிறது. எண்ணெய் மலிந்தால் அதுவும் மலிந்து, இயற்கை ரப்பரின் விலையைக் கீழே இழுக்கும். 2011இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே சரிந்தது. உலகச் சந்தையின் மிகை உற்பத்தியோடு எண்ணெய் விலை வீழ்ச்சியும் அதற்குக் காரணம். அங்கே வேலை சுருங்கிய காலத்திலேயே இங்கே விலையும் விழுந்தது.

அந்த அடி எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. தோட்டம் உள்ளவர் விலை ஏறும்வரை காத்திருக்கலாம், ஊடுபயிர் வைக்கலாம். பால்வெட்டுக் கூலியை நம்பும் நிலமற்ற தலித் குடும்பத்துக்கு மழை நாளில் அக்கூலியும் இல்லை. இந்த நிலமின்மை தற்செயலானதன்று. 1892இல் சென்னை மாகாணத்தில் பஞ்சமி நிலம் வழங்க ஆணை பிறந்தபோது இப்பகுதி திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. அவ்வாணை இங்கே செல்லவில்லை. திருவிதாங்கூரில் 1855இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ஆனால் விடுதலையோடு நிலம் வரவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் அய்யன்காளி நிலம் கேட்டு வாதாட வேண்டியிருந்தது. 1956 நவம்பர் 1இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. ஆனால் அந்தப் பழைய கணக்கு இன்னும் தீரவில்லை.

எண்ணெயிலிருந்து விலக விரும்பும் நாடு தன் பொதுச் செல்வத்தை வேறு துறைகளில் முதலீடு செய்கிறது. நிலமும் அடமானச் சொத்தும் இல்லாத குடும்பம் எதைக் கொண்டு விலகும்? நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பட்டாவுடன் நிலம், நாடு திரும்புவோருக்கு அடமானம் கேட்காத தொழிற்கடன், பால்வெட்டுத் தொழிலாளருக்கு மழைக்கால உதவித்தொகை ஆகிய மூன்றும் சலுகைகள் அல்ல. மறுக்கப்பட்ட முதலீட்டின் திருப்பித் தருதல். இவை இல்லாதவரை, ‘மாற்று வருவாய்’ என்பது ஏற்கெனவே சொத்துள்ளவரின் சொல்லாகவே இருக்கும்.