யார் வச்ச பேரு?

கியூபக் கதையொன்றைத் தமிழில் வாசித்தேன். 'புருஹெரியா' என்ற ஸ்பானியச் சொல்லை 'பில்லிசூனியம்' என்று பெயர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார் மொழிபெயர்ப்பாளர். அவ்வளவு லேசான சொல்லா அது?

1610இல் லொக்ரோஞோ நகரில் இந்தக் குற்றத்துக்காக ஆறு பேரை எரித்தார்கள். முன்பே செத்துப்போன ஐந்து பேரையும் விடவில்லை, பொம்மை செய்து எரித்தார்கள். எல்லாம் பாஸ்க் மலைக்கிராமத்துச் சனங்க. பிறகு அதே மத விசாரணை மன்றத்தின் சலசார் ஊரூராய்ப் போய் விசாரித்து, சூனியம் நடந்ததற்குச் சான்றே இல்லை என்று எழுதினார். எரிஞ்சவங்க எழுந்து வந்துருவாங்களா?

கடல் தாண்டியும் அதே வேலைதான். கியூபாவில் 1886 வரை அடிமைமுறை. கறுப்பர்கள் கும்பிட்ட ஒரிஷாக்கள், அடித்த மேளம் எல்லாம் புருஹெரியா. வெள்ளைக்காரன் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துனா மட்டும் பக்தி! 1906இல் பெர்னாந்தோ ஓர்த்திஸ் எழுதிய நூலின் தலைப்பே 'கறுப்புச் சூனியக்காரர்கள்'. படித்த மனுசன், சட்டம் தெரிந்தவர், கறுப்பரின் வழிபாட்டைக் குற்றவியலில் சேர்த்தார். பின்னாளில் மனம் மாறி அதே பண்பாட்டைப் போற்றி எழுதினார், சரி. அதுக்குள்ள போலீசு மேளத்தையும் பூசைச் சாமானையும் பறிச்சிட்டுப் போயிருச்சே.

மொழிபெயர்ப்பாளரே, நீங்க எழுதினது கும்பிட்டவன் சொன்ன பேரா, அவனப் புடிச்சு அடைச்சவன் வச்ச பேரா?