புதுப்பித்துவிட்டால் பிறர் வண்டி நமதாகுமா?



பழைய ஜீப், அம்பாசிடர், புல்லட் போன்றவற்றைத் தேடி வாங்கிப் புதுப்பித்து ஓட்டும் ஆசை நம் தர்மபுரி மாவட்ட இளைஞர்களிடமும் இருக்கிறது. ஆசையில் குற்றம் காண நாம் வரவில்லை. ஆனால் அவர்களுள் சிலரும், அவர்களுக்காகப் பரிந்து பேசும் பெரியவர்களும் முன்வைக்கும் ஒரு வாதத்தை மறுக்காமல் இருக்க இயலவில்லை. “துருப்பிடித்துக் கிடந்ததைப் பணம் கொடுத்துத்தான் வாங்கினோம். அதற்கு மேல் இரு மடங்கு செலவழித்தோம். இப்போது ஒருவர் வந்து, இது என்னிடமிருந்து திருடு போன வண்டி என்றால் எப்படிக் கொடுப்பது?” என்பதே அது.

கொடுத்தே ஆக வேண்டும். தன் பொருளை ஒருவரிடம் அப்படியே கண்டவர் அதற்கு அதிக உரிமையுடையவர் என்றும், அதை வாங்கியவர் தமக்கு விற்றவரையே தொடர வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறிய கருத்தை சமுரா (ரலி) அறிவிக்க, அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார்கள். திருடனிடம் இல்லாத உரிமையை அவன் எப்படி விற்க முடியும்?

“நாம் ஹனஃபிகள், பொருள் உருமாறினால் உரிமையும் மாறும் என்று நம் மத்ஹபில் உள்ளதே” என்று சற்றுப் படித்தவர்கள் கேட்கின்றனர். பாதி மட்டும் படித்ததன் விளைவு இது. அபகரித்த கோதுமையை மாவாக்கினால், இரும்பை வாளாக்கினால், அப்பொருளின் பெயரும் பயனும் மாறிவிடுகின்றன. அங்குதான் அந்தச் சட்டம். அங்கும் ஈட்டுத்தொகை கொடுக்காமல் அதை அனுபவிப்பது ஆகாது. (ஷாஃபிஈ மத்ஹபில் மாவும் உடையவருக்கே.) ஜீப்புக்கு வண்ணம் பூசி, இன்ஜினை மாற்றினால் அது வேறென்னவாக மாறிவிட்டது? ஜீப்தான். சேசிஸில் பொறித்த எண்ணும் அதேதான். அதைச் சுரண்டி அழித்தவர்களைப் பற்றி இங்குப் பேசவில்லை.

இதற்கு நெருக்கமான உதாரணம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் ஹிதாயாவிலேயே இருக்கிறது. பிறர் துணியை அபகரித்துச் சாயம் தோய்த்துவிட்டால் முடிவெடுக்கும் உரிமை உடையவருக்குத்தான். வெள்ளைத் துணியின் மதிப்பை வாங்கிக்கொள்ளலாம். அல்லது சாயத்தால் கூடிய மதிப்பைக் கொடுத்துவிட்டுத் துணியை எடுத்துக்கொள்ளலாம். கவனிக்கவும்: கூடிய மதிப்பு, செலவழித்த தொகை அன்று. இரண்டு லட்சம் செலவழித்து மதிப்பு ஐம்பதாயிரம் மட்டுமே கூடியிருந்தால், பேச வேண்டியது அந்த ஐம்பதாயிரத்தைப் பற்றித்தான். அறியாமல் வாங்கியவருக்குப் பாவம் இல்லாமல் போகலாம், வண்டி அவருடையதாகிவிடாது.

நாட்டுச் சட்டமும் இதற்கு மாறானதன்று. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 27ஆம் பிரிவில், விற்றவருக்கு இருந்ததைவிட மேலான உரிமை வாங்கியவருக்குக் கிடைக்காது என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. திருட்டுப் பொருள் என்று அறிந்தபின்னும் நேர்மையின்றி வைத்திருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு.

தமிழகத்தில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பத்தூர் கோயிலின் நடராசர் சிலையைக் கனடா நிறுவனம் ஒன்று 1982இல் விலைக்கு வாங்கி, செப்பனிட பிரிட்டிஷ் மியூசியத்தில் கொடுத்திருந்தபோது இலண்டன் காவல்துறை கைப்பற்றியது. நல்லெண்ணத்துடன் வாங்கியதாக நிறுவனம் வாதிட்டும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991இல் கோயிலுக்கே உரிமை என்றது. சிலை பற்றிய நம் கொள்கை வேறு. சொத்துரிமையில் நீதி எல்லோருக்கும் ஒன்றே.

“பல வருடம் கடந்துவிட்டதே” என்போரும் உளர். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில், திருடு போன பொருளுக்கான மூன்றாண்டுக் கெடு, அது யாரிடம் இருக்கிறது என்று உடையவர் அறிந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. அமெரிக்காவின் மில்வாக்கியில் 2001இல் திருடு போன 1938ஆம் ஆண்டு டால்போ-லாகோ கார், 2015இல் ஏறத்தாழ 70 லட்சம் டாலருக்குக் கைமாறியது. வாரிசு தரப்பின் வழக்கு காலாவதியாகவில்லை என்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது.

உடையவருக்கும் ஒரு சொல்: காப்பீட்டு நிறுவனத்திடம் முழுத் தொகையைப் பெற்று உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால், வண்டியைக் கேட்க வேண்டியது அந்த நிறுவனமே. இரண்டையும் பெறுவதும் ஹராம்தான்.

வாங்கியவரின் இழப்பு உண்மையானதே, அதை மறுக்கவில்லை. ஆனால் அவர் பணத்தைக் கேட்க வேண்டிய இடம் ஆர்.சி. புத்தகமின்றி விற்ற வியாபாரியின் வாசல். அந்த வியாபாரி நம் மஹல்லாவைச் சேர்ந்தவர் என்பதற்காக ஜமாஅத்தார் உடையவரிடம் போய்ச் சமாதானம் பேசுவதை இனியேனும் நிறுத்திக்கொள்ளட்டும்.