குப்பைக்கும் கணக்கு வேண்டும்!

2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள். சித்திரைப் புத்தாண்டும் பெரிய வெள்ளியும் ஒருங்கே வந்த நாள் அது. அன்று பிற்பகல் கொலன்னாவை நகரசபை எல்லைக்குள், மீதொட்டமுல்லையிலே, மலைபோற் குவிந்திருந்த கொழும்பு மாநகரத்துக் குப்பை சரிந்து அயலிலிருந்த குடிமனைகள் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன.

அந்தக் குப்பை யாருடையது? மாநகரசபையைக் குறை கூறினார்கள். மந்திரிமாரைக் குறை கூறினார்கள். கூறியது நியாயமே. கொட்டாஞ்சேனை மக்களுக்குப் புளுமெண்டால் குப்பைமேட்டை நாம் அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. ஆண்டுக்கணக்காக அதன் நாற்றத்தை நுகர்ந்தவர்கள் அவர்கள். 2009 இல் அங்கே கொட்டுவது நின்றதும், தற்காலிகம் என்ற பெயரில் மீதொட்டமுல்லையில் இரண்டு ஏக்கர் காட்டப்பட்டது. இரண்டு ஏக்கர் இருபதாயிற்று, தற்காலிகம் எட்டாண்டாயிற்று. நாளொன்றுக்கு ஏறத்தாழ 800 தொன் அங்கே போய்ச் சேர்ந்தது. அயலவர் வீதிக்கு இறங்கிக் கூக்குரலிட்டார்கள். ஆளவந்தார் கேட்டார்களில்லை.

ஆனால் இத்துடன் வழக்கை முடித்துவிட நாம் ஆயத்தமில்லை. 800 தொன்னும் மாநகரசபை உற்பத்தி செய்ததா? வெள்ளவத்தைக் காலி வீதியின் சாப்பாட்டுக் கடையும் புடைவைக் கடையும், புறக்கோட்டையின் மொத்த வியாபாரியும், கோட்டையின் வங்கியும், தனியார் மருத்துவமனையும் நாள்தோறும் வெளியே தள்ளியதல்லவா அதிலே பெரும்பங்கு? அவற்றுட் பல நம்மவர் நடத்தும் நிறுவனங்கள். அவற்றின் கணக்குகளைச் சரிபார்ப்போரிலும் நம்மவர் பலர். அரிசி மூடையொன்று குறைந்தால் இருப்புக் கணக்கில் தெரிகிறது. மின்கட்டணம் ஏறினால் முகாமையாளர் காரணம் கேட்கிறார். பின்வாசலால் ஒவ்வோர் இரவும் வெளியேறும் கழிவு எத்தனை இறாத்தல், அதை யார் கொண்டுபோகிறார், எங்கே போடுகிறார் என்று கேட்டால் மறுமொழி சொல்ல ஒருவரும் இல்லை.

விலையுள்ளதற்கு மட்டும் கணக்கு வைப்பது நம் வழக்கம். வெற்றுப் போத்தலும் கடதாசிப் பெட்டியும் குப்பைக்குப் போவதில்லை. பழைய சாமான் வியாபாரி காசு தருகிறான். வாழைச்சேனைக் காகித ஆலை ஒரு காலத்தில் வைக்கோலையும் கழிவுக் கடதாசியையும் கொண்டு காகிதம் செய்ததை நம் வாசகர் பலர் அறிவர். விலை கிடைத்த இடத்தில் மீள்பயன்பாடு தானாகவே நடந்தது. விலை இல்லாத மிச்சச் சோறும், கறிவேப்பிலைக் காம்பும், தேங்காய்ச் சக்கையும், பொலித்தீன் உறையும் ஒரே வாளியில் விழுகின்றன. தீங்கு முழுவதும் அந்த ஒரே வாளியிலேதான் தொடங்குகிறது.

ஏன் என்று விளக்குவோம். நம் நாட்டு நகரக் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது அழுகக்கூடிய பொருள். அழுகும் பொருள் நீரைக் கக்குகிறது, வாயுவைக் கக்குகிறது. இடையிடையே கிடக்கும் பொலித்தீன் அந்த நீரை வடியவிடாது தடுக்கிறது. மேலே நாள்தோறும் பாரம் ஏறுகிறது. ஒரு மழை போதும். 2000 ஆம் ஆண்டு மணிலா நகர்ப்புறத்துப் பயாட்டாஸில் குப்பைமேடு சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மீதொட்டமுல்லைக்கு ஒரு மாதம் முன்னர், 2017 மார்ச்சில், எதியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவிலும் அப்படியே நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். எங்கும் இறந்தவர்கள் ஏழைகள். அந்தக் குப்பையில் அவர்கள் வீட்டுப் பங்கு மிகச் சிறியது.

இன்று கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை உண்டு; 2021 இல் தொடங்கிய அது 10 மெகாவாற்று அளவினது. நல்லதே. ஆயினும் ஈரச் சோறு எரியுமா? பிரிக்காமற் கொடுத்தால் நீரைக் காய்ச்சவே நெருப்பிற் பாதி போய்விடும். மிஞ்சியதைப் புத்தளம் மாவட்டத்து அருவக்காலுவுக்கு ஏற்றத் திட்டம் வந்தபோது, கொழும்பின் கழிவு தம் ஊருக்கு வேண்டாமென்று அவ்வூர் மக்கள் எதிர்த்தார்கள். அவர்களிடத்தில் நாம் இருந்தால் வேறென்ன சொல்லியிருப்போம்?

இனி நம் கமக்காரருக்கு ஒரு வார்த்தை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. சேதனப் பசளை போடு என்றார்கள். பசளை எங்கே என்று வன்னியிலும் மட்டக்களப்பிலும் கமக்காரர் கேட்டபோது விடை இல்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்த சேதனப் பசளையில் தீங்கான நுண்ணுயிர் உண்டென்று நம் பரிசோதகர் கூற, அது கரையிறங்காமலே திரும்பிற்று. ஆயினும் 2022 சனவரியில் அதற்காக 67 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது. அந்த வேளையிலும் கொழும்பின் கடைகள் பசளைக்குரிய பொருளைப் பொலித்தீனோடு கட்டி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தன! தடை நவம்பரில் நீங்கிற்று. நட்டம் வயலில் நின்றது.

கூட்டெரு ஒன்றே வயலுக்குப் போதும் என்று நாம் சொல்லவில்லை. அந்த மயக்கத்தின் விலையை நாடு கண்டுவிட்டது. ஆனால் யாழ்ப்பாணத்து வெங்காயமும் நுவரெலியாக் கோவாவும் ஏற்றிவந்த லொறி வெறுமையாகத் திரும்புவானேன்? கண்ணாடித் துண்டும் பற்றரியும் கலவாத சுத்தமான கூட்டெரு அதிலே போகலாம். கலந்ததைக் கமக்காரர் வாங்கக்கூடாது. பொலித்தீன் துணுக்கு ஒன்று கண்டாலும் மூடையைத் திருப்பி அனுப்பவேண்டும். வாங்குபவர் கண்டிப்பே கடைக்காரரைத் திருத்தும்.

“வரி செலுத்துகிறோம், அதற்கப்பால் எமக்கென்ன?” என்பர் சிலர். 2017 செப்டெம்பரில் பொலித்தீன் சாப்பாட்டுத் தாளைத் தடைசெய்தபோதும் இதே முணுமுணுப்பு எழுந்தது. வியாபாரம் படுத்துவிடவில்லை. நாம் கேட்பது பெருஞ் செலவுமன்று. ஒரு வாரம் ஒவ்வோர் இரவும் கழிவை நிறுத்து எழுதுங்கள். சமையற் கழிவுக்கு ஒரு வாளி, காய்ந்ததற்கு ஒரு வாளி வையுங்கள். சமையற்கட்டுச் சிற்றூழியருக்கு அதைக் காட்டிக் கொடுத்து, அவர் நேரத்துக்குக் கூலி சேர்த்துக் கொடுங்கள். ஏச்சினால் மட்டும் இது நடவாது. மிச்சச் சோற்றை எடுக்கப் பன்றிப் பண்ணைக்காரர் வருவர். ஏனையவற்றை எடுப்பவரிடம் எங்கே கொண்டுபோகிறீர் என்று கேட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். எழுதிப் பார்த்தால், வாங்கிய காய்கறியில் எவ்வளவு சமைக்காமலே வீசினோம் என்பதும் தெரியவரும். அந்த இலக்கம் முதலாளியின் தூக்கத்தைக் கெடுத்தாலும் கெடுக்கும்.

கணக்காளர் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறோம். இவ்வாண்டு ஐந்தொகையிற் கையொப்பமிடுமுன், அந்நிறுவனத்தின் பின்வாசலுக்கு ஒருமுறை போய் வாருங்கள்.