இசைக்கும் வேண்டும் நிரந்தர ஆசிரியர்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய கலைத்திருவிழா வரவேற்கத்தக்க முயற்சி. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக ஏறிவரும் பிள்ளைகள் பாடுவதையும் பறையடிப்பதையும் கேட்டவர்களுக்கு, அங்கே திறமைக்குப் பஞ்சமில்லை என்பது தெரியும். ஆனால், விழாவையொட்டிய சில வாரங்கள் போக, ஆண்டு முழுவதும் அவர்களுக்கு இசை சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் இசை ஆசிரியரே கிடையாது.

சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ‘கலை’ என்று பொதுவாகச் சொன்னதால், ஓவிய ஆசிரியர் ஒருவர் இருந்தாலே கணக்கு நேராகிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2012-இல் 16,000-க்கும் அதிகமான பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல் என்று நீண்ட பட்டியலில் இசையும் ஒரு மூலையில் இருந்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பின்னர் அது சிறிது சிறிதாக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் எத்தனையோ முறை போராடிவிட்டார்கள்.

கடலுக்கு அப்பால் நிலைமை வேறு. இலங்கையில் 6-ஆம் வகுப்பிலிருந்தே அழகியல் பாடம் உண்டு. சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றில் ஒன்றைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்வழியில் படிப்பவர்கள் கர்நாடக சங்கீதத்தைச் சாதாரண தரம், உயர்தரம் ஆகிய பொதுத்தேர்வுகளிலும் பாடமாகவே எழுதலாம். மேலே படிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1947-இல் ‘யாழ் நூல்’ தந்த விபுலானந்தரின் பெயரால் மட்டக்களப்பில் அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அங்கே பட்டம் பெறுபவர்கள் பள்ளிகளில் ஆசிரியர்களாகலாம். தமிழிசைக்காக இயக்கம் நடத்திய மாநிலத்துக்கு இது எட்டாத காரியமா என்ன?

இசை கற்றால் மதிப்பெண் கூடும் என்று சொல்லி ஆதரவு திரட்டுபவர்கள் உண்டு. அந்த வாதத்தை நம்பி இறங்க வேண்டாம். மொசார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவு வளரும் என்ற பேச்சு 1993-இல் வெளியான ஒரு சிறு ஆய்விலிருந்து பிறந்தது. அதில் பங்கேற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்களிடம் தெரிந்த முன்னேற்றமும் சில நிமிடங்களில் மறைந்துவிட்டது. டொரோண்டோவில் 6 வயதுப் பிள்ளைகளுக்கு ஓராண்டு இசை கற்பித்து, 2004-இல் வெளியிட்ட ஆய்வில் நுண்ணறிவு மதிப்பெண் சற்றே கூடியிருந்தது. பின்வந்த ஆய்வுத் தொகுப்புகள் அதையும் கேள்விக்கு உள்ளாக்கியுள்ளன.

இசை தருவதாக உறுதியாகச் சொல்லக்கூடியவையே போதுமானவை. தாளம் தப்பாமல் பத்துப் பேரோடு சேர்ந்து பாட, மற்றவர் குரலைக் கேட்டாக வேண்டும். ஒரு சுரவரிசையை மூன்று காலத்திலும் பாடும் பிள்ளை, பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தப் பழகுகிறது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை மேடையேறிப் பாடுவதும் பள்ளிக்கூடம் தர வேண்டிய கல்விதான்.

எந்த இசை என்ற கேள்வியும் உண்டு. தேவாரமும் பறையும் ஒரே வகுப்பறையில் ஒலிக்க வேண்டும். பறையைத் தொட்டதற்காகவே இழிவுபடுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து அதைக் கற்க அரசுப் பள்ளியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

ஆள் கிடைக்கவில்லை என்று அரசு சொல்ல முடியாது. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய இடங்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் வாய்ப்பாட்டு, நாகஸ்வரம், தவில், வயலின் எல்லாம் கற்பிக்கிறார்கள். படித்து முடித்தவர்கள் கச்சேரியையும் டியூஷனையும் நம்பி நாளை ஓட்டுகிறார்கள்.

ஆகவே, அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இசை ஆசிரியர்களுக்கு நிரந்தரப் பணியிடங்களை அறிவிக்க வேண்டும். ஏற்கெனவே பகுதிநேரமாக உழைப்பவர்களுக்கு அதில் முன்னுரிமை தர வேண்டும். முதல் கட்டமாக ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு பள்ளியிலாவது 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்கு வாரம் இரண்டு பாடவேளை ஒதுக்கலாம். கணக்குப் பாடம் முடியவில்லை என்று அந்தப் பாடவேளைகளை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும்.